வீட்டுக்கு ஒரு கார் ஸ்கேனர்: காசு கொடுப்பதற்கு முன்

ஏற்காடு மலைப்பாதை, ஏழாவது கொண்டை ஊசி வளைவு. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வண்டி மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கியது. பின் சீட்டில் அம்மாவும் மகளும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஓரங்கட்டி ஆறவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சேலத்துக்கே இறங்கிவிட்டோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தார்கள். “ஐட்லிங்ல ஒண்ணும் தெரியலக்கா. எதுக்கும் நாலு காயில், நாலு பிளக் எல்லாத்தையும் மாத்திருங்க” என்றார் அந்தத் தம்பி. பெட்ரோலைப் பற்ற வைப்பது பிளக், அதற்குக் கரண்ட் கொடுப்பது காயில். எது கெட்டது என்றே தெரியாமல் எட்டுப் பொருளுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை (அதைத்தான் கோடு, code என்பார்கள்) படித்துக் காட்டும் ஸ்கேனரைத் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 துளை உள்ள சாக்கெட் இருக்கும். சில வண்டிகளில் ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நம் நாட்டில் பிஎஸ்4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயமானது. வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதிந்து வைக்கும் பொதுவான முறை அது. அதற்குப் பிந்தைய வண்டி என்றால் சாதாரண ஸ்கேனரே இன்ஜின் கோடுகளைப் படிக்கும். அதற்கு முந்தையது என்றால் சாக்கெட் இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதே மாடல், அதே வருடம் வைத்திருக்கும் யாராவது அந்தக் கருவியை மாட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

நான் முதலில் வாங்கியது தீப்பெட்டி அளவு ப்ளூடூத் அடாப்டர், சில நூறு ரூபாய். சாக்கெட்டில் மாட்டிவிட்டு போனில் செயலி வழியாகப் பார்க்க வேண்டும். மேலே உள்ளிருக்கும் சிப்பின் பெயர் இஎல்எம்327, வெர்ஷன் 1.5 என்று அச்சடித்திருந்தது. அந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 1.5 என்று ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. போலி எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன், பல வண்டிகளில் கோடு படிக்க அது போதும். என் வண்டியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொடர்பு அறுந்தது. அடாப்டர் வகைதான் வேண்டும் என்றால், வாங்கிய அன்றே இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் லைவ் டேட்டா (இன்ஜின் ஓடும்போதே வரும் அளவுகள்) பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள். வீட்டில் ஐபோன் என்றால் பழைய ப்ளூடூத் அடாப்டர் சேராது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவதாக வாங்கியது கையடக்க ஸ்கேனர். 2,400 ரூபாய். வண்டி சாக்கெட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். செயலி, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். மாட்டினதும் பி0302 என்று காட்டியது: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை.

கோடு படிப்பதை எந்த மலிவுக் கருவியும் செய்துவிடும். நீங்கள் பார்த்து வாங்க வேண்டியது ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்பதை வண்டியே எழுதி வைத்திருக்கும். என் வண்டியில் இருந்தது: வேகம் 24, ஆர்பிஎம் 2,600, லோடு (இன்ஜின் மேல் உள்ள சுமை) 86 சதவீதம், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 91 டிகிரி. அதாவது இன்ஜின் நன்றாகச் சூடாகி, முக்கி மலையேறும்போது வந்த கோளாறு. நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு வேலை சுலபம். என் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை இரண்டாவது இடத்திலும் மாற்றிப் போட்டேன். 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டுக் கோடை அழித்தேன். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும், போட்டோ எடுக்காமல் அந்தப் பொத்தானில் கை வைக்காதீர்கள். அடிவாரம் தாண்டி இரண்டு வளைவு ஏறியதுமே குலுங்கியது. உடனே இறங்கி மாட்டிப் பார்த்தால் பி0303. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போயிருந்தது. ஒரே ஒரு காயில் வாங்கினேன். நாலு பிளக்கும் நன்றாகவே இருந்தன.

அதனால் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டுமா? லைவ் டேட்டா வருமா? இன்னும் விளக்கு எரியாத, காத்திருப்பில் உள்ள கோடுகளைக் காட்டுமா? என் மாடலில் ஏபிஎஸ், ஏர்பேக் படிக்குமா? கடைசிக் கேள்விக்கு “எல்லா வண்டியும் படிக்கும் மேடம்” என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொதுவானது இன்ஜின் கோடுகள்தான். ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் மாடலும் வருடமும் பட்டியலில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி.

பிரேக் ப்ளீடிங் (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை எடுப்பது), டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்தம், இன்ஜெக்டர் கோடிங் (புது இன்ஜெக்டரை வண்டியில் பதிவு செய்வது) செய்யும் பெரிய கருவிகள் வீட்டுக்குத் தேவையில்லை. பலவற்றில் அப்டேட்டுக்கு வருடா வருடம் தனிக் கட்டணமும் உண்டு. டீசல் வண்டி வைத்துக்கொண்டு டவுனுக்குள்ளேயே ஓட்டி டிபிஎஃப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வாங்கியதும் வண்டி நன்றாக ஓடும் ஒரு நாளில் மாட்டுங்கள். சூடான பிறகு கூலண்ட் எத்தனை டிகிரி, ஐட்லிங் ஆர்பிஎம் எவ்வளவு, சார்ஜிங் வோல்ட் எவ்வளவு, லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) எத்தனை சதவீதம் என்று கிலோமீட்டரோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். என் நோட்டில் முதல் வரி: 61,340 கி.மீ., 90 டிகிரி, 750, 14.1 வோல்ட், பிளஸ் 3. பிறகு என்றைக்காவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த வரி இருக்கும். பார்த்து முடித்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே விட்டால் வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் செல்ஃப் எடுக்காமல் போகலாம்.