ஐம்பதுக்கு மேல் யுகுலேலே: குழுவோடு சேர்ந்து தொடங்குவது எப்படி

ஐம்பத்து நான்கு வயதில்தான் முதன்முதலாக ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்தேன். வாரம் ஒருமுறை இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து, கிடார்போல நான்கு தந்தியுள்ள சிறு வாத்தியமான யுகுலேலேயை வாசிக்கும் குழு அது. மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டும் வேலை என்னுடையது. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் சும்மா போங்கள்

வாத்தியம் இல்லாமலே ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். தவறு செய்தவரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது நல்ல குழு. புதியவர்களுக்கு இரவல் யுகுலேலே இருக்கிறதா, பாட்டுத் தாள்களை முன்கூட்டியே தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கச்சேரிக்குத் தயாராவதே முழுநேர வேலையாக இருக்கும் குழு, தொடக்கத்தில் வேண்டாம்.

எந்த அளவு?

சோப்ரானோ, கான்செர்ட், டெனர், பாரிடோன் என்று நான்கு அளவுகள் உண்டு. சோப்ரானோதான் மிகச் சிறியது. பெரியவர்களின் விரல்களுக்குக் கட்டங்கள் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுவோம்) நெருக்கமாக இருக்கும். கான்செர்ட் அல்லது டெனர் எடுங்கள். பாரிடோனுக்குச் சுருதி வேறு என்பதால் குழுவில் எல்லாரும் பிடிக்கும் விரல் வைப்பு அதில் பொருந்தாது, தவிர்த்துவிடுங்கள்.

மடெய்ரா தீவிலிருந்து 1879-இல் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்த்துகீசியர்கள் கொண்டுபோன சிறு கிடார் வகையிலிருந்து பிறந்தது இந்த வாத்தியம். வேலை முடிந்து கூடி உட்கார்ந்தவர்களின் கையில் வளர்ந்தது. கூட்டமாக வாசிக்கும்போது இது இவ்வளவு இயல்பாக இருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

சுருதி சேர்ப்பது

முகத்துக்கு அருகில் இருக்கும் தந்தியிலிருந்து கீழே வந்தால், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், ஜி, சி, ஈ, ஏ. எனக்கு இது மனதில் நின்றது ஸ்வரமாகச் சொல்லிப் பார்த்த பிறகுதான். சி-யை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் நான்கு தந்தியும் ப, ஸ, க, த. முதல் தந்தியின் பஞ்சமம் ஸ, க இரண்டையும்விட மேலே ஒலிப்பது இந்த வாத்தியத்தின் தனிக்குணம்.

தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது மரத்தின் அதிர்வை நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஃபோனில் உள்ள செயலி அறையில் கேட்கும் எல்லாச் சத்தத்தையும் வாங்கும். இருபது பேர் ஒரே நேரத்தில் சுருதி சேர்க்கும் இடத்தில் அது திணறிப்போகும். சுருதி மேலே போய்விட்டால் தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் நிற்கும். புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். முதல் ஓரிரு வாரம் அடிக்கடி சுருதி இறங்கினால் வாத்தியத்தில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்கு கார்ட்

சில ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலித்தால் அது கார்ட். இந்த வரிசையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

சி: ஏ தந்தியில் மூன்றாம் கட்டம், மோதிர விரல். மற்ற மூன்று தந்தியும் விரல் வைக்காமல் திறந்தபடி. ஒலிப்பது ப ஸ க ஸ.

ஏ மைனர்: ஜி தந்தியில் இரண்டாம் கட்டம், நடுவிரல். த ஸ க த.

எஃப்: நடுவிரலை எடுக்கவே வேண்டாம். ஈ தந்தியின் முதல் கட்டத்தில் ஆள்காட்டி விரலைச் சேர்த்தால் போதும். த ஸ ம த.

ஜி செவன்: ஈ தந்தியில் முதல் கட்டம் ஆள்காட்டி விரல், சி தந்தியில் இரண்டாம் கட்டம் நடுவிரல், ஏ தந்தியில் இரண்டாம் கட்டம் மோதிர விரல். ப ரி ம நி.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள், சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் வந்துவிட்டன. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தந்தி தெளிவாக ஒலிக்காமல் 'ஜிர்ர்' என்றால் இன்னும் அழுத்தத்தான் எல்லாருக்கும் தோன்றும். அழுத்தம் போதாததல்ல காரணம், பெரும்பாலும் விரல் இருக்கும் இடம்தான். வீணையில் மெட்டு என்போமே, அதுபோலக் குறுக்கே கம்பிகள் இருக்கின்றன அல்லவா? கட்டத்தின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் விரலை, உடம்புப் பக்கமுள்ள கம்பிக்குச் சற்றுப் பின்னால் வரை நகர்த்துங்கள். பாதி அழுத்தத்திலேயே ஒலி சுத்தமாகிவிடும். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய அம்மா ஒருவர் நகக்கண் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். அவர் விரலை ஒரு நெல் அளவுதான் நகர்த்தினேன். ஒலி மணிபோல வந்தது. அவர் நிமிரவே இல்லை. அதே கார்டைப் பத்துத் தரம் மீட்டினார்.

இடதுகை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரல் நுனி இரண்டு மூன்று வாரம் வலிக்கும், அப்புறம் பழகிவிடும். மணிக்கட்டோ விரல் மூட்டோ வலித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அது பழக வேண்டிய வலி இல்லை.

வலது கை

முன்கையால் வாத்தியத்தை லேசாக மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல மணிக்கட்டை விட்டு, ஆள்காட்டி விரலின் நகப்பக்கத்தால் மேலிருந்து கீழே மீட்டுங்கள். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் மீட்டினால் ஒலி இனிமையாக இருக்கும். முதல் மாதம் கீழ்நோக்கி மட்டும் போதும்.

குழுவுக்குள் வாசிப்பது

வீட்டில் வாசிப்பதும் குழுவில் வாசிப்பதும் இரண்டு வேறு வேலைகள். இது புரியாமல்தான் பலர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

வீட்டில் தவறு வந்தால் நிறுத்துங்கள், திருத்துங்கள். குழுவில் தவறு வந்தால் நிறுத்தவே கூடாது. விட்டது விட்டதுதான், பாட்டு உங்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த தாளத் தட்டில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இப்படி விட்டுச் சேர்வதுதான் முதலில் கற்க வேண்டிய வித்தை, கார்டுகூட அப்புறம்தான். நம் வயதில் எதையும் சரியாகச் செய்து பழகிவிட்டோம். ஒரு தட்டு தவறினாலே கை உறைந்துவிடுகிறது. அதைத் தளர்த்த இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.

முதல் வாரம் தந்தியைத் தொடாதீர்கள். காலால் தாளம் போட்டுக்கொண்டு பாடுங்கள். இரண்டாம் வாரம் சி வரும் இடங்களில் மட்டும் மீட்டுங்கள், மற்ற இடங்களில் கை சும்மா இருக்கட்டும். அது சுகமானபின் எல்லாக் கார்டையும் பிடியுங்கள், ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கையில் 'ஒன்று' வரும்போது மட்டும் மீட்டுங்கள். மீதி மூன்று எண்ணிக்கையும் அடுத்த கார்டுக்கு விரலை நகர்த்தக் கிடைக்கும் நேரம். நான்கு தட்டும் தானாக நிரம்பும் நாள் வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

நன்றாக வாசிப்பவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்தால் அவர் கை இடம்வலம் மாறித் தெரியும்.

வீட்டில் பதினைந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் மேல். சுருதி சேர்க்க இரண்டு நிமிடம். அப்புறம் தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபது தட்டில் வைத்து, சி நான்கு தட்டு, ஏ மைனர் நான்கு தட்டு என்று மாற்றிமாற்றி ஐந்து நிமிடம். நான்காவது தட்டிலேயே விரலைத் தூக்கிவிடுங்கள். அந்த ஒரு தட்டில் திறந்த தந்தி ஒலித்தாலும் பரவாயில்லை, அடுத்த 'ஒன்று' சரியாக விழ வேண்டும்.

மீதி நேரத்தைப் பாட்டுத் தாளுக்குக் கொடுங்கள். குழுவுக்குப் போகும்போது ஒரு பென்சில் எடுத்துப் போங்கள். வாசிக்கும்போது எங்கே விட்டீர்களோ, பாட்டு முடிந்ததும் அந்தச் சொல்லைச் சுழித்துவையுங்கள். வீட்டில் முழுப் பாட்டையும் வாசிக்க வேண்டாம், சுழித்த சொல்லுக்கு முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி போதும். என் முதல் தாளில் பதினொரு சுழி. பெரும்பாலும் எல்லாமே சி-யிலிருந்து ஜி செவனுக்குப் போகும் இடம்.