சுழிக்கும் முன் ஒரு கேள்வி

நூற்று ஐந்தை எழுதச் சொன்னால், இரண்டாம் வகுப்பில் நாலைந்து பேராவது 1005 என்று எழுதுவார்கள். நானும் பல வருடம் அதைச் சிவப்பு மையால் சுழித்து, '105, பத்து தடவை எழுது' என்று அனுப்பியவள்தான். பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது: நூறு, அப்புறம் ஐந்து. பத்து தடவை எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான். குச்சிக்கட்டுகளைக் கொடுத்து, 'நூறு கட்டு ஒன்று, உதிரி ஐந்து, பத்துக் கட்டு எத்தனை?' என்று கேட்டால் பூஜ்யத்துக்கு வேலை இருப்பது தெரியும்.

52-லிருந்து 27 போனால் 35 என்பதும் இப்படித்தான். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று முந்தைய வருடம் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே!

ஸ்விட்சர்லாந்து உளவியலாளரான ஜான் பியாஜே (1896–1980), பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வு வேலையில் இருந்தபோது, சரியான விடைகளைவிடத் தவறானவற்றில்தான் ஆர்வம் கொண்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறுவதைக் கவனித்தார்.

அவருடைய சோதனை ஒன்றைப் புளியங்கொட்டையை வைத்தே செய்து பார்க்கலாம். ஆறாறாக இரண்டு வரிசை. ஒன்றைக் கொஞ்சம் அகட்டி வைத்தால், ஐந்து வயதுப் பிள்ளை 'இதுலதான் நிறைய' என்று நீள வரிசையைக் காட்டும். எண்ணச் சொன்னால் இரண்டிலும் ஆறு என்று எண்ணிவிட்டு, மறுபடியும் அதையே காட்டுவதுண்டு. இங்கே விளக்கிப் பயனில்லை. பிள்ளையே அகட்டி, சேர்த்து விளையாடட்டும்.

ஆனால் 'இந்த வயசுக்கு இவ்வளவுதான்' என்று முத்திரை குத்துவதும் தவறு. 1970களில் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர், ஒரு கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோல் இதே சோதனையைச் செய்தார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். டீச்சரே கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், 'முதல்ல சொன்னது தப்பு போல' என்று பிள்ளை நினைக்காதா? 'நல்லா யோசிச்சுச் சொல்லு' என்று நாம் அதட்டும்போதும் நடப்பது இதுதான். சரியான விடையைக்கூட மாற்றிவிடும்.

அதற்குப் பதில் 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள், விடை சரியாக இருந்தாலும். கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்கு இன்னமும் இரண்டுக்கு மேல் தாங்குவதில்லை.