டிஸ்லெக்சியா பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் போடாதீர்கள்

நாலாம் வகுப்புப் பையன். கிரிக்கெட் ஸ்கோரெல்லாம் தலைகீழ்ப் பாடம், பாட்டி சொன்ன கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தில் 'கொக்கு' என்ற சொல்லைக் காட்டினால் மட்டும் அதன் மேல் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பான், அப்புறம் பக்கத்துப் படத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு 'வாத்து' என்பான். என்னிடம் கூட்டி வந்தபோது அவன் ஏற்கெனவே காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். டியூஷனில் பாடம் நடத்துவார்கள், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் நடத்துவார்கள். இவனுக்குச் சிக்கலே வாசிப்பில்தான் இருக்கிறது, இதற்குப் பெயர்தான் டிஸ்லெக்சியா. 'கொக்கு'வையே பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்', நடுவில் க, அதற்குப் பின்னால் ஒரு கால், மூன்றும் சேர்ந்து 'கொ' என்று ஒரே எழுத்து. இது போதாதென்று அதே க 'கல்'லில் ஒரு மாதிரி, 'பங்கு'வில் ஒரு மாதிரி, 'மகன்' என்னும்போது இன்னொரு மாதிரி ஒலிக்கும். மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் போகிற போக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, வரிசையாக, காதால் கேட்டு வாயால் சொல்லி விரலால் மணலிலோ தட்டிலோ எழுதச் செய்து, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் தொடங்கிய வழி இது, இன்று இந்தப் பிள்ளைகளுக்கென்று ரெமடியல் என்ற பெயரில் நடக்கிற சிறப்பு வகுப்புகளில் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

இம்போசிஷனும் இதனால்தான் உதவாது. அவன் பத்து தடவை எழுதுவான், அழகாகவே எழுதுவான், ஏனென்றால் அவன் எழுத்தைப் படம் மாதிரி பார்த்து வரைகிறான். பதினோராவது தடவை வாசிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

சரி, இப்படிச் சொல்லித்தருகிற ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? "ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஹோம்வொர்க்கை முடிச்சு அனுப்பிடுவோம்" என்றால் அது டியூஷன். எந்த ஒலியில், எந்த எழுத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குவோம் என்பவரிடம் விடுங்கள். சென்னையில் 1991லிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கும் இதற்கென்றே பயிற்சி தருகிறது. மூன்று மாதத்தில் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், இது வருடக்கணக்கில் செய்கிற வேலை. கலர் கண்ணாடி, கண் பயிற்சி, மூளை டானிக் என்று பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பார்வையையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அது அவசியம். ஆனால் டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு இல்லை, பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் உள்ள சிரமம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009லேயே இந்தக் கண் பயிற்சிக்கும் கலர் லென்ஸுக்கும் ஆதாரம் இல்லை என்று சேர்ந்து அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, 'போகப் போகச் சரியாயிடும்' என்று காத்திருப்பது. ஆறு வயதில் ஓர் எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் வகுப்பில் எல்லோரும் வாசிக்கும்போது இவன் மட்டும் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தால் அப்போதே தொடங்கிவிடுங்கள். கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள், சொல்லித்தர அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலீஷ் மீடியத்திலிருந்து தமிழ் மீடியத்துக்கு மாற்றினால் போதும் என்பதும் நடக்காது. இங்கிலீஷ் ஸ்பெல்லிங் கூடுதல் கஷ்டம் என்பது உண்மைதான், தமிழில் தப்பு கொஞ்சம் குறையலாம், ஆனால் அந்தத் திணறல் போகாது.

சான்றிதழைப் பற்றி ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. சான்றிதழைத் தேர்வு நெருங்கும்போது ஓடி வாங்கப் பார்த்து அலைகிறவர்கள்தான் அதிகம், ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். 'ஊருக்குத் தெரிந்துவிடும்' என்று வாங்காமலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த மூன்று மணி நேரம் தவிக்கப்போவது பிள்ளை. எழுத ஆள் கிடைத்தாலும் அவரிடம் பதிலைக் கோர்வையாகச் சொல்வதற்கு ஒரு பழக்கம் வேண்டும், வீட்டிலேயே பத்து தடவையாவது செய்து பாருங்கள். பிள்ளையிடம் விஷயத்தை மறைக்கவும் வேண்டாம். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் 'மக்கு' என்று அவனே ஒரு பெயர் வைத்துக்கொள்வான்.

பெரியவர்கள் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. முப்பத்தைந்து வயது எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார், வயரிங்கைப் பார்த்தாலே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார், கொட்டேஷன் கேட்டால் மட்டும் 'வீட்டுக்குப் போய் அனுப்புறேன் சார்' என்று சொல்லி மனைவியை எழுத வைப்பார். அவருக்கு முன்பு யாரோ அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள், மறுநாளிலிருந்து போகவில்லையாம். போவாரா? நாங்கள் மெயின் ஸ்விட்ச், எர்த், மீட்டர், கூலி என்று அவர் தினமும் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினோம். கொட்டேஷனை போனில் பேசியே தமிழில் டைப் செய்யலாம், போனையே வாசித்துக் காட்டவும் சொல்லலாம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அதை 'ஏமாத்து வேலை' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், கண்ணாடி போடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. போன மாதம் அவர் ஒரு கொட்டேஷனைப் பேசி எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் விரல் வைத்து மெதுவாக வாசித்துப் பார்த்தார். 'எர்த்' என்று அவர் சொன்னதை போன் 'எடு' என்று போட்டிருந்தது. அதை அவரேதான் கண்டுபிடித்துத் திருத்தினார்.