தாம்பத்தியமும் மனநிலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படித்தது மறந்துபோனாலும் சரி, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தாலும் சரி, நம் ஊர் இளைஞன் முதலில் சந்தேகப்படுவது தன் கைப்பழக்கத்தைத்தான். விந்து போனால் மூளையின் பலம் போய்விடும், நரம்புத் தளர்ச்சி வந்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலில் கைவிட வேண்டியது இந்த நம்பிக்கையை. ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்னும் கணக்குக்கு உடலியலில் இடமே இல்லை. ஒருமுறை வெளியேறுவது சில மில்லிதான். அதில் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். மூளையிலிருந்து எதுவும் உருகி இறங்குவதில்லை.

ஆனால் அந்தப் பயம் நிஜமாகவே ஆளை வாட்டும். 1960இல் மனநல மருத்துவர் என்.என்.விக் இதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்; 'தாத்' என்றால் தாது, அதாவது விந்து. களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை, சிறுநீரோடு விந்து போகிறதோ என்ற அச்சம். இப்படி வருபவர்களில் பலருக்கு அடியில் இருப்பது பதற்றமோ மனச்சோர்வோதான். இரண்டையும் குணப்படுத்த முடியும். அதை விட்டுவிட்டு, 'இன்ன தேதி, இன்ன லாட்ஜ்' என்று நோட்டீஸ் ஒட்டும் வைத்தியரிடம் போகிறவன், இருந்த பயத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு பணத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்புகிறான். பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடை செய்கிறது. இருந்தும் பஸ் நிலையச் சுவர்களில் அந்த நோட்டீஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: உடலுறவு மகிழ்ச்சி தரும் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டினால் மகிழ்ச்சியும் கூடும் என்று நினைப்பது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 64 தம்பதிகளில் ஒரு பாதியினரை மூன்று மாதத்துக்கு உறவை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு மகிழ்ச்சி கூடவில்லை. சற்றுக் குறையவே செய்தது, ஆசையும் குறைந்தது. தானாக எழ வேண்டியதைக் கடமையாக்கினால் வேறென்ன நடக்கும்?

முடிந்ததும் கணவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார் என்று பல பெண்கள் மனம் புழுங்குகிறார்கள். உச்சத்துக்குப் பின் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது; ஆசை தணிகிறது, உடல் தளர்கிறது. தூங்கியதற்காக அன்பில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையும் வரும். எப்போதாவது வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அடிக்கடி வந்தாலோ, வலியோ வற்புறுத்தலோ பழைய கொடுமையின் நினைவோ பின்னால் இருந்தாலோ, அவசியம் உதவி தேடுங்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் அதிக ஆபத்தானது. மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின், ஃப்ளுவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் ஆசையைக் குறைக்கலாம், உச்சத்தைத் தாமதப்படுத்தலாம். வெட்கத்தில் பலர் இதை டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அப்படித் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். மனச்சோர்வே திரும்பவும் வரலாம். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ டாக்டருக்கு வழி இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு சீட்டில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள்.