டிரம்ப் பெயர் இல்லாத தேர்தலுக்கு டெக்ஸாஸ் கன்சர்வேடிவ்களை வரவைப்பது எப்படி?

நவம்பர் 3, 2026, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அதிபர் தேர்தல் இல்லை. அதனாலேயே நம் ஆட்கள் நிறையப் பேர் வீட்டில் இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளேனோவில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவன் நான். வரி குறைய வேண்டும், பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் சொல் எடுபட வேண்டும், நீதிபதி சட்டத்தில் எழுதியிருப்பதைத் தாண்டக் கூடாது என்று நினைக்கிறவன். நீங்களும் அப்படி என்றால், உங்கள் தெருவில் இந்த வேலையை நீங்களே செய்யலாம்.

கதவைத் திறந்ததும் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, டிரம்ப் பேரே இல்லையே? டெக்ஸாஸ் எப்படியும் நம்ம பக்கம்தானே?”

இதற்கு நான் 2014ஐச் சொல்வேன். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மிகக் குறைவான வாக்குப்பதிவு நடந்த மிட்டர்ம், அதாவது அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வருகிற தேர்தல், அது. அந்தத் தேர்தலில்தான், நீதிபதி நியமனங்களுக்கு ஒப்புதல் தருகிற செனட் ரிப்பப்ளிகன் கைக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தபோது, ஒபாமா நியமித்தவரை விசாரணைக்கே எடுக்காமல் நிறுத்தியது அதே செனட். அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு டிரம்ப் நியமித்த கோர்சச் வந்தார். 2018 மிட்டர்மில் செனட்டைத் தக்கவைத்ததால்தான் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஏமி பாரெட்டின் நியமனம் 52-48 என்று நிறைவேறியது. உச்ச நீதிமன்றம் இன்று இருக்கிற நிலைக்கு, டிரம்ப் பெயரே இல்லாத அந்த இரண்டு தேர்தல்களில் சிரமம் பார்க்காமல் வந்து ஓட்டுப் போட்டவர்களும் காரணம்.

‘எப்படியும் நம்ம பக்கம்’ என்பதற்கும் பதில் 2018லேயே இருக்கிறது. நம் செனட்டர் டெட் குரூஸ் ஜெயித்த வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லை. பல முறை ஜெயித்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பீட் செஷன்ஸ் டாலஸில் தோற்றார். பிரதிநிதிகள் சபையில் கட்சி 40 இடங்களை இழந்தது. 2022ல் அரிசோனா அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்) பதவியை மறு எண்ணிக்கையில் 280 ஓட்டில் விட்டோம். டெக்ஸாஸ் கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல் மூவரையும் தேர்ந்தெடுப்பதே மிட்டர்ம் வருஷத்தில்தான்.

வாதம் இதோடு போதும். “ஓட்டுப் போடுவீங்களா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த பூத் என்று கேளுங்கள். நவம்பர் 8 தீபாவளி. அந்த வாரம் பலகாரம், துணிமணி, விருந்தாளி என்று வீடு அல்லோலப்படும். அதனால் அக்டோபர் 19 முதல் 30 வரை நடக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவையே சொல்லுங்கள். கொலு பார்க்கப் போகிற வீட்டில் பேச்சை எடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஃப்ரிட்ஜில் ஒட்டிய மளிகைக்கடைக் காலண்டரில் வியாழக்கிழமையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் “ஓட்டு 11 மணி, அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும்” என்று எழுதினார். அந்த வட்டத்தைப் போட வைத்துவிட்டுத்தான் வாசல் படி இறங்க வேண்டும்.

அக்டோபர் 5க்குள் வாக்காளர் பதிவு முடிந்திருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். அதே கவுண்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்றால் ஆன்லைனிலேயே மாற்றலாம். நம் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லைசென்சில் அப்பா பெயர் முழுதாக, பதிவில் வெறும் இனிஷியல். பயப்பட வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தால், பூத்தில் அதற்கான கட்டத்தில் சுருக்கொப்பமிட்டு ஓட்டுப் போடலாம். எழுபது வயது தாண்டியவர்களுக்கு, காலாவதியான லைசென்ஸோ பாஸ்போர்ட்டோ எத்தனை வருஷம் பழையதானாலும் செல்லும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தபாலில் போடலாம், ஆனால் விண்ணப்பம் அக்டோபர் 23க்குள் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு, எச்1பி விசா வைத்திருப்பவர்களிடம் ஓட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடுவது குற்றம், நாடு கடத்தலில் போய் முடியும். பதிவுப் படிவத்தைக்கூட அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

2020லிருந்து ஒரே பொத்தானில் கட்சிக்கே மொத்தமாகப் போடும் வசதி டெக்ஸாஸில் கிடையாது. கவர்னருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினால் வாக்குச்சீட்டில் கீழே இருக்கிற நீதிபதிகளும் கவுண்டி பதவிகளும் அப்படியே போய்விடும். உள்ளே போனை எடுக்க முடியாது, அதனால் பெயர்களைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கட்சித் தொப்பியும் டீ-ஷர்ட்டும் பூத்திலிருந்து நூறடிக்குள் கூடாது, வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.

முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியதும், யார் வந்து போட்டார்கள் என்ற பட்டியலைக் கவுண்டி தினமும் வெளியிடும். யாருக்குப் போட்டார்கள் என்பது அதில் இருக்காது. ராத்திரி அதைப் பார்த்து உங்கள் ஆட்களின் பெயர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சியவர்களுக்கு மட்டும் மறுநாள் போன். நவம்பர் 3 மாலை ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட விடுவார்கள். அதனால் ஆறரை மணிக்கும் போன் செய்யுங்கள். பக்கத்துத் தெருக்காரர் என்றால் காரை எடுத்துக்கொண்டு நேரே அவர் வாசலுக்கே போங்கள்.