முதல் லித்தியம் பேட்டரி பேங்க்: அந்த வோல்டேஜ் நாப்பைத் தொடாதீர்கள்

"அண்ணே, புது லித்தியம் செல்லை நேத்து சாயங்காலம் பவர் சப்ளையில சார்ஜ் போட்டேன். செல்லுல மீட்டர் வச்சா இன்னும் 3.31-லயே நிக்குது. வோல்டைக் கொஞ்சம் ஏத்தி வைக்கட்டுமா?"

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி போனில் கேட்டது இது. "நாப்புல கையே வைக்காதீங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் பேங்க் கட்டியபோது இதே கேள்வி எனக்கும் வந்தது. கேட்க ஆள் இல்லாமல் நானே ஏற்றிவிட்டேன்.

பிளஸ் மைனஸ் மாற்றிப் போடுவது, மோதிரத்தோடு பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) தொடுவது போன்ற தவறுகளை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வீட்டு சோலாருக்கு இப்போது நாம் வாங்குவது பெரும்பாலும் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்தான். ஒன்று 3.2 வோல்ட், நான்கைத் தொடராகக் கோத்தால் 12.8, பதினாறு என்றால் 51.2. அதை வைத்தே பேசுகிறேன்.

பேரலல் சார்ஜில் வோல்டேஜை ஏற்றுவது

செல்கள் வந்து சேரும்போது எல்லாம் ஒரே அளவு சார்ஜில் இருக்காது. அப்படியே கோத்தால் ஒரு செல் முதலில் 3.65-ஐத் தொடும், மற்றவை நிறையாமல் இருக்கும்போதே பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) சார்ஜை நிறுத்திவிடும். அதனால்தான் எல்லா செல்லையும் பேரலலாக, அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் எனச் சேர்த்து, பவர் சப்ளையில் 3.65 வைத்து, ஒருமுறை முழுதாக நிரப்பச் சொல்கிறார்கள். டாப் பேலன்ஸ் என்பது இதுதான். செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் பிஎம்எஸ் கிடையாது. செல்லுக்குக் காவல் அந்த ஒரு நாப் மட்டுமே.

என்னிடம் இருந்தவை 280 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) செல்கள் நான்கு. பேரலலில் 1120 ஏஹெச். சப்ளையோ 10 ஆம்பியர். பாதி சார்ஜில் வந்த செல்களை நிரப்ப 56 மணி நேரம் ஆகும் என்ற கணக்கை நான் போடவே இல்லை. சப்ளையோடு வந்த மெல்லிய சிவப்பு கறுப்பு ஒயரையே மாட்டினேன். டிஸ்ப்ளேயில் 3.65 காட்டியது, கரண்ட் 4 ஆம்பியர்தான் போனது. இடைப்பட்ட வோல்டேஜை ஒயரே தின்றுகொண்டிருந்தது. பொறுமை போய், முதல் நாள் மாலையே நாப்பை 5 வோல்டுக்குத் திருகினேன். உடனே முழு 10 ஆம்பியர் வந்தது. வேலை நடக்கிறது என்று சந்தோஷம்.

இரண்டு நாள் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 3.33, 3.34. எல்எஃப்பியின் குணம் அப்படி. நடுவில் பெரும்பகுதி மேசைபோலத் தட்டையாகக் கிடக்கும், கடைசியில்தான் சட்டென்று ஏறும். எனக்கு அந்த ஏற்றம் மூன்றாம் ராத்திரி, தூங்கும்போது வந்தது. காலையில் மீட்டர் 4 வோல்டைத் தாண்டிக் காட்டியது. ஸ்டீல் ஸ்கேலை செல்லின் பக்கவாட்டில் வைத்தேன். நடு வயிறு முட்டி, ஸ்கேலின் இரண்டு முனையும் சீசா பலகை மாதிரி ஆடியது. நான்கு செல்லும் அப்படித்தான். பிறகு சோதித்தபோது 280 வர வேண்டிய இடத்தில் 240-ஐக்கூடத் தொடவில்லை. உப்பிய செல்லை நம்பி வீட்டுக்குள் வைக்க மனம் வராமல் நான்கையும் ஒதுக்கினேன். இதே கதையை இன்னொருவர் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. செல்லோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தாலே தடுக்கக்கூடிய நஷ்டம் அது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் செல்களைத் தொடராகக் கோத்து, பிஎம்எஸ் மாட்டி, சோலார் சார்ஜரிலேயே ஏற்றுங்கள். 30 ஆம்பியர் கிடைத்தால் ஐந்து மணி நேரம், ஒரு பகல் வெயில் போதும். ஒரு செல் 3.65-ஐத் தொட்டு பிஎம்எஸ் நிறுத்தியதும் பிரித்துப் பேரலலாக்குங்கள். அப்புறம் மிச்சம் கொஞ்சம்தான். சப்ளையில் செல்லை மாட்டும் முன்பே, ஒயர் முனைகள் சும்மா இருக்கும்போது, 3.65 வைத்து மீட்டரில் சரிபாருங்கள். மாட்டிய பிறகு வோல்டேஜ் நாப்பைத் தொட எந்தக் காரணமும் கிடையாது. கரண்ட் குறைவாகப் போனால் குட்டையான, தடித்த ஒயர் போடுங்கள்.

பழைய இன்வெர்ட்டரின் ட்யூபுலர் செட்டிங்

அது லெட் ஆசிட் பேட்டரிக்கானது, அதிலேயே விடாதீர்கள். ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட் செல்களைச் சமப்படுத்தக் கூடுதல் வோல்டேஜ் தருவது) ஓடினால் 15 வோல்டைத் தாண்டும், நான்கு செல்லுக்கு உச்சமே 14.6தான். நான் சார்ஜ் வோல்டேஜ் 14.2 வைக்கிறேன், ஃப்ளோட் (நிறைந்த பிறகு தாங்கி நிற்கும் வோல்டேஜ்) 13.5. ஈக்வலைசேஷனையும் வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜ் மாற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். செட்டிங்கை மாற்ற வழியில்லாத இன்வெர்ட்டர் என்றால் அதை லித்தியத்தோடு சேர்க்க வேண்டாம்.

ஃப்யூஸ்

ஷார்ட் ஆனால் இந்த செல்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வீட்டு ஏசி கரண்டுக்கான (AC) எம்சிபி அதைத் தாங்காது. டிசியில் பற்றிய ஆர்க் எளிதில் அணையாது. பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போடுங்கள்.

நட்டு

டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்) வாங்குங்கள். லூசாக இருந்தால் சுடும், அதிகம் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

மொட்டை மாடித் தகரக் கொட்டகை

சூடேறும் அந்த இடத்தில் பேட்டரி வேண்டாம். கீழே கொண்டுவாருங்கள். உறைபனி விழும் ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது.

தம்பியின் செல்கள் தப்பித்தன. அன்றே கழற்றித் தொடராகக் கோத்தோம். ஞாயிற்றுக்கிழமை பேரலலாக்கி, தடித்த ஒயர் போட்டு, இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கரண்ட் இறங்கத் தொடங்கியது. 9, 6, பிறகு 2. நான்கு செல்லிலும் மீட்டர் 3.65. அதே ஸ்டீல் ஸ்கேலைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.