போர்க்கதையில் வயதான தூதுவரை எழுதுவது எப்படி?

சரித்திரப் போர்க்கதையில் கிழட்டுத் தூதுவர் என்றாலே வெண்தாடியும் தத்துவமும்தான். எனக்கு அலுத்துவிட்டது. முதலில் அவருக்கு ஓர் உடல் கொடுங்கள். குதிரையிலிருந்து இறங்க ஆள் வேண்டும். இடது காது மந்தம். அந்தக் காதைப் பேச்சுவார்த்தையில் அவர் பயன்படுத்தட்டும். பிடிக்காத நிபந்தனையை எதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும், சொல்லச் சொல்லக் குரல் தளரும்.

பேச்சுக்கு மாதிரி வேண்டுமென்றால் புறநானூறு 95ஆம் பாட்டைப் படியுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், இங்கே ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல் மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றனவாம்! கேட்கப் புகழ்ச்சிதான், ஆனால் யாருக்குப் போர் பழக்கம் என்பது உறைத்துவிடும். உங்கள் கிழவரும் இப்படித்தான் மிரட்ட வேண்டும், குரலை உயர்த்தாமல்.

அப்புறம், அவருடைய அதிகாரம் எவ்வளவு? திருக்குறள் உரையில் பரிமேலழகர் தூதரை இரண்டாகப் பிரிக்கிறார்: தானே வகுத்துப் பேசுபவர், சொன்னதை மட்டும் சொல்பவர். முதல் வகை என்றால், அவர் பேசி முடித்ததை அரசன் ஏற்க மறுக்கும் காட்சிக்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.